ஆத்தாவோடு உட்கார்ந்து அம்மா-மகள் படம் பார்ப்பது எப்படி

அம்மா-மகள் கதை என்றாலே கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்த்து அழுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஒரு தடவை ஆத்தாவை, அதாவது அம்மாவை, பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் தாயும் மகளும் சீர், நகை, பாத்திரம் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம், ஆனால் "அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னே" என்று மட்டும் கேட்கவே மாட்டோம். அந்தப் பேச்சை எடுக்க ஒரு நல்ல படம் உதவும்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு ஆத்தாவால் படிக்க முடியாது என்றால் தமிழ்ப் படமே சரி. 2002-ல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' தொடக்கத்துக்கு நல்லது. பெற்றவளைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நிற்கிற மகளை, வளர்த்தவளே கூட்டிக்கொண்டு இலங்கைக்குப் போகிறாள். பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்தெடுப்பது, நம் ஊர்களில் புதிதில்லை (கூட்டுவது பெரும்பாலும் ஆண்பிள்ளையைத்தான், அது வேறு விஷயம்), அதனால் இந்தக் கதையில் ஆத்தாவுக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

இங்மர் பெர்க்மனின் 'ஆட்டம் சொனாட்டா' (Autumn Sonata), 1978-ல் வந்த ஸ்வீடிஷ் படம், கொஞ்சம் கனமானது. அதை முதலில் நீங்கள் மட்டும் பார்த்துவிடுங்கள். தாய் பேர் பெற்ற பியானோ கலைஞர். மகள் அவள் முன்னால் ஷோபன் (Chopin) என்ற இசையமைப்பாளரின் ஒரு சின்ன இசைத்துண்டை வாசிக்கிறாள், தடுமாறித்தான் வாசிக்கிறாள். உடனே தாய் பக்கத்தில் உட்கார்ந்து அதே துண்டை எப்படி வாசிக்க வேண்டும் என்று விளக்கி, வாசித்தும் காட்டுகிறாள். அப்போது மகள் பியானோவைப் பார்ப்பதில்லை, தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கைமுறுக்கு சுற்றும்போது "தள்ளு, நான் சுத்துறேன்" என்று மாவை வாங்கிக்கொள்ளும் ஆத்தா இருக்கிற எந்த மகளுக்கும் அந்தப் பார்வை புரியும்.

அப்புறம் இடம். பெரிய வீடு என்றால் டிவியை வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள கூடத்தில், போட வேண்டாம். ஆத்தங்குடிக் கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை எல்லாம் சேர்ந்து குரலை எதிரொலிக்க வைக்கும், இந்த மாதிரிப் படங்களிலோ முக்கியமான வசனமெல்லாம் முணுமுணுப்பில்தான் வரும். பகலில் முற்றத்து வெளிச்சம் வேறு திரையில் விழும். இரண்டாங்கட்டில் (வளவுக்கு அடுத்த பின்பகுதியில்) ஒரு சின்ன அறை, தரையில் ஜமுக்காளம், விளக்கு வைத்த பிறகு, அது போதும். டிவியில் குரலைத் தெளிவாக்கும் அமைப்பு இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல படமும் சீரியல் மாதிரித் தெரியும். ராத்திரிச் சமையலை முன்னாலேயே முடித்துவிடுங்கள், அடுப்பில் ஏதாவது இருந்தால் ஆத்தாவின் மனசு அங்கேதான் இருக்கும்.

படம் ஓடும்போது ஆத்தாவுக்கு எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில் உட்காருங்கள். அழுகிறாளா என்று திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள். நடுவில் "தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று எழுந்து போனால் படத்தை நிறுத்தி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள், கூப்பிட வேண்டாம். "அவ கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்று தாயின் பக்கம் பேசினால் மகளுக்காக வாதாடக் கிளம்பாதீர்கள். உங்களிடம் சொல்ல நினைத்ததைத்தான் அந்தக் கதாபாத்திரத்தின் பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இடைமறித்தால் அதோடு நின்றுவிடும்.

முடிந்ததும் "எப்படி இருந்துச்சு, என்ன தோணுச்சு" என்று கேட்டால் "நல்லாருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மனசைப் பற்றிக் கேட்காமல் பொருளைப் பற்றிக் கேளுங்கள். பேர் வெட்டிய ஒரு பித்தளைச் சட்டியோ தூக்கோ கையில் கிடைத்தால் "ஆத்தா, இது ஆயா கொடுத்ததா?" என்று, அதாவது ஆத்தாவின் அம்மாவைப் பற்றி, ஆரம்பியுங்கள். கல்யாணத்தில் என்னென்ன சாமான் பரப்பினார்கள், வேறு வைத்த (தனிக்குடித்தனம் வைத்த) அன்றைக்கு முதலில் என்ன சமைத்தாள், ஆயா அன்றைக்கு என்ன சொல்லி அனுப்பினாள் என்று பேச்சு தானாக ஓடும். உங்கள் கேள்வி எதுவாக இருந்தாலும் அதற்குப் பிறகு கேளுங்கள், அன்றைக்கே கேட்க வேண்டும் என்றும் இல்லை. அடுத்த படத்தை அதே வாரத்தில் போடாதீர்கள், ஆத்தாவாகவே "வேற ஏதாச்சும் படம் இருக்கா" என்று கேட்கட்டும்.