உப்புநீர் நீச்சல்குளம்: கோயம்புத்தூர்க் கணக்கு குன்னூருக்கு ஆகாது

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வீட்டோடு நீச்சல்குளம் கட்டுகிறவர்களில் பலர் இப்போது உப்புநீர் முறையைக் கேட்கிறார்கள். குளோரின் கேன் சுமக்க வேண்டாம், கண் எரிச்சல் குறைவு என்பது காரணம். கருவி, உப்பு, பொருத்தும் ஆள் எல்லாம் கீழேயிருந்து வருகிறது. சமவெளிக்கென்று போட்ட அளவுகளும் அதே வண்டியில் ஏறி வந்துவிடுகின்றன. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. மலையில் தண்ணீர் குளிர்ந்தது, சுண்ணாம்புச் சத்து குறைந்தது, மழையோ அதிகம். இவற்றைக் கணக்கில் எடுக்காமல் ஒட்டிவிட்டுப் போகும் அட்டவணையை நம்பினால் செலவுதான் மிச்சம்.

‘உப்பே கிருமியைப் பார்த்துக்கொள்ளும், சோதிக்கத் தேவையில்லை’ என்று சிலர் நினைக்கிறார்கள். கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கிறது. குளத்துக்குப் போடுவது 3 கிராம் சொச்சம். அந்த அளவு உப்பு எந்தக் கிருமியையும் கொல்லாது. கருவியின் தகடுகளில் மின்சாரம் பாயும்போது உப்பிலிருந்து உண்டாகும் குளோரின்தான் வேலை செய்கிறது. செய்து முடித்ததும் மறுபடி உப்பாகிவிடுகிறது. மோட்டார் ஓடினால்தான் இதெல்லாம் நடக்கும். கரண்ட் போன நாளில் குளோரின் உற்பத்தியும் இல்லை.

குளிரில் உப்பு மூட்டையைப் பிரிப்பது

மலையில் அடிக்கடி நடக்கும் தவறு இது. டிசம்பர், ஜனவரியில் ‘உப்பு குறைவு’ என்று விளக்கு எரியும். உடனே இரண்டு மூட்டை கொட்டிவிடுவார்கள். ஆனால் கருவி உப்பை நேராக அளப்பதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் மின்கடத்தும் திறன் ஏறக்குறைய 2 சதவீதம் இறங்கும். 27 டிகிரியில் இருந்த தண்ணீர் 13 டிகிரிக்கு வந்தால் கால்பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் கருவிகள் உண்டு, எல்லாம் அப்படியில்லை. தண்ணீரில் உப்பு சரியாகவே இருக்கும், விளக்கு மட்டும் எரியும்.

மார்ச்சில் தண்ணீர் சூடேறியதும் அதே கருவி ‘உப்பு அதிகம்’ என்று நின்றுகொள்ளும். கூடிப்போன உப்பைக் குறைக்கத் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத்தண்ணீர் விடுவதுதான் நடைமுறை வழி. கோடையில் மலையில் லாரித் தண்ணீருக்குச் சொல்லும் விலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே விளக்கை நம்பாமல், உப்புக்கென்று தனியாக விற்கும் சோதனைப் பட்டையில் பார்த்துவிட்டு மூட்டையைத் தொடுங்கள்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 40,000 லிட்டர் பிடிக்கும். 3,200 பிபிஎம் (லிட்டருக்கு 3.2 கிராம்) அளவுக்கு முதல் தடவை சுமார் 128 கிலோ உப்பு வேண்டும். அயோடின் கலந்த சமையல் உப்பு வேண்டாம். மண்ணோடு வரும் கல்லுப்பும் வேண்டாம். சுத்திகரித்த, அயோடின் இல்லாத உப்பு போதும். தண்ணீர் ஆவியாகிப் போனால் உப்பு போகாது. குளித்துச் சிந்தும் தண்ணீர், ஃபில்டரைக் கழுவும் தண்ணீர், மழையில் வழியும் தண்ணீர் இவற்றோடுதான் போகும்.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே போனால் பல கருவிகள் உற்பத்தியைக் குறைக்கும் அல்லது நிறுத்திவிடும். பழுது என்று ஆளைக் கூப்பிட வேண்டாம். 100 சதவீதத்துக்குத் திருகவும் வேண்டாம். தகட்டின் ஆயுள் ஓடும் மணிக்கணக்கில்தான் தேய்கிறது. அந்த வாரங்களில் திரவக் குளோரினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவதே மேல்.

சுண்ணாம்பை மறப்பது

சமவெளியில் போர்வெல் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக வரும். எனவே அங்கே வேலை பழகியவர்களுக்குக் கடினத்தன்மையை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, குறைப்பதுதான் கவலை. இங்கே கதை தலைகீழ். மழைத்தண்ணீரும் ஊற்றுத்தண்ணீரும் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்பு போதாத தண்ணீர் அதைக் குளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்: டைல்ஸ் இடுக்குப் பூச்சு முதலில் மணல் மணலாக உதிரும், சிமென்ட் பூசிய தரையில் கால் வைத்தால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். தண்ணீர் குளிரக் குளிர இந்த அரிப்பு கூடும். வில்ஃப்ரட் லாங்கேலியர் 1936-இல் தந்த சுட்டெண் இதைத்தான் அளக்கிறது. பி.எச். (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்), வெப்பநிலை, சுண்ணாம்பு, காரத்தன்மை (பி.எச். சட்டென்று மாறாமல் தாங்கும் சத்து), கரைந்த உப்புகள் ஐந்தும் சேர்த்து, -0.3 முதல் +0.3 வரை வந்தால் நல்லது. கைப்பேசியில் கணக்கிடும் செயலிகள் இருக்கின்றன. வெப்பநிலைக் கட்டத்தில் உங்கள் குளத்தில் அளந்த எண்ணைப் போடுங்கள், 28 என்று பழக்கத்தில் தட்ட வேண்டாம்.

கடினத்தன்மை 200 முதல் 400 பிபிஎம் இருக்கலாம். மேலே சொன்ன குளத்தில் 100 பிபிஎம் ஏற்ற, 77 சதவீதக் கால்சியம் குளோரைடு செதில் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகப் பிடிக்கும். வாளித் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரையுங்கள். வாளி கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும்.

ஆசிட்டும் ஆப்பச் சோடாவும் மாறி மாறி

உப்புநீர்க் குளத்தில் பி.எச். தானாகவே ஏறும். தகட்டில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகள் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவை வெளியே தள்ளுவதால் அப்படி. காரத்தன்மை கூடுதலாக இருந்தால் ஏற்றம் இன்னும் வேகம். பி.எச்.-ஐ இறக்க ஆசிட் ஊற்றுவார்கள், காரத்தன்மையும் சேர்ந்து விழும். அட்டவணையில் 100 என்று இருக்கிறதே என்று சோடா போடுவார்கள், பி.எச். மறுபடி ஏறும். மாதம் பூராவும் இதே வேலை. உப்புநீர்க் குளத்துக்குக் காரத்தன்மை 60 முதல் 80 பிபிஎம் வரை போதும். பி.எச். 7.8-ஐத் தாண்டும்போது மட்டும் ஆசிட் எடுத்து 7.5 பக்கம் இறக்கினால் சரி. அளவு மீறி ஊற்றினால் ஹீட்டரின் செம்புக் குழாய் அரித்துத் தண்ணீரில் கலக்கும்.

ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலம் பற்றிச் சுருக்கமாக. வெயிலின் புற ஊதாக் கதிரில் குளோரின் சீக்கிரம் அழிந்துவிடாமல் காப்பது இதுதான். குளிராக இருக்கிறதே என்று அதை விட்டுவிடாதீர்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது. 60 முதல் 80 பிபிஎம் வைக்கலாம். ஆனால் குளத்தை மூடி வைக்கும் வழக்கம் இருந்தால் உற்பத்தி அளவைக் குறைத்துவிடுங்கள். மூடிக்கு அடியில் வெயில் படாது, குளோரின் சேர்ந்துகொண்டே போகும்.

மழைக்குப் பிறகு எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும். கூடலூரில் ஜூன் முதல், கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் அக்டோபர் முதல் இந்தப் பாடு. நிறைந்த குளத்தில் 10 சென்டிமீட்டர் மழை பெய்து வழிந்தால் சுமார் 8 சதவீதத் தண்ணீர் மாறிவிடும். 3,200 இருந்த உப்பு 2,950-க்கு வந்து நிற்கும். சுண்ணாம்பும் ஸ்டெபிலைசரும் அதே விகிதத்தில் குறையும்.

ஆசிட்டை எப்போதும் தண்ணீரில் ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள். ப்ளீச்சிங் பவுடரோ திரவக் குளோரினோ இருக்கும் அறையில் ஆசிட் கேனை வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் கிளம்புவது நச்சு வாயு.

கடைசியாக, ஃபில்டர் கழுவிய உப்புத்தண்ணீரைத் தேயிலைச் செடிக்கோ கேரட் பாத்திக்கோ திருப்பிவிடுவது. தேயிலைக்குக் குளோரைடு ஆகாது, இலை ஓரம் கருகும். ஓடையில் விடுவது அதைவிட மோசம், கீழே யாரோ அதைக் குடிக்கிறார்கள். உப்பு தேங்கும் இடத்தைக் காட்டெருமை நக்க வந்து பழகிவிட்டால் அந்தத் தொல்லை தனி. எனவே கழிவுக் குழாய் எங்கே போகிறது என்பதைக் குளம் வெட்டும்போதே மேஸ்திரியிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். சரிவில் கட்டிய வீட்டில் பிறகு தளத்தை உடைத்துக் குழாய் திருப்புவது லேசான வேலையல்ல.