துப்பறியும் எஸ்கேப் ரூம்: முதல்முறை விளையாடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஸ்கேப் ரூம் என்பது ஒரு குழு அறைக்குள் போய், துப்புகளைத் தேடி, புதிர்களை விடுவித்து, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய விளையாட்டு. துப்பறியும் வகையில் ஒரு கொலை வழக்கு, நான்கைந்து சந்தேக நபர்கள், பூட்டிய சில பெட்டிகள், பெரும்பாலும் 60 நிமிடம். புதியவர்களுக்கான துப்பறியும் அறைகளில் புதிர்கள் எளிமையாகவே இருக்கும். அப்படியும் நேரத்துக்குள் முடிக்காத குழுக்கள் ஏராளம். அவர்களுக்குத் தேவையான விடை பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ ஒருவர் கையில் இருக்கும். பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மௌனமாகத் தேடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு.

எதை எடுத்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஒரு துப்பு கிடைத்தது" என்றால் போதாது. "நீல உறை, உள்ளே மூன்று முக்கோணம்" என்று சொன்னால்தான், சுவரில் முக்கோணங்களைப் பார்த்தவர் உடனே திரும்புவார். கிடைத்தவற்றை ஒரே மேசையில் வையுங்கள். திறந்த பூட்டையும் அதன் சாவியையும் தனி மூலையில் ஒதுக்குங்கள். பொதுவாக ஒருமுறை பயன்பட்ட சாவி மறுபடி தேவைப்படாது.

ஆனால் துப்பறியும் அறையில் இதற்கு முக்கியமான விலக்கு உண்டு. வாக்குமூலம், புகைப்படம், ரசீது, கடிதம் போன்றவை ஒரு பூட்டுக்கு எண் கொடுத்த பிறகும் வேலை முடிந்தவை ஆகிவிடாது. கடைசியில் குற்றவாளி யார் என்று கேட்கும்போது அவைதான் சாட்சி. அவற்றை "முடிந்தது" குவியலில் போட்டுவிட்டு, கடைசி இரண்டு நிமிடத்தில் தேடி அலைவது அடிக்கடி நடக்கிறது. தாளோ வெள்ளைப் பலகையோ கொடுத்திருந்தால் தொடக்கத்திலேயே கட்டம் போடுங்கள்: பெயர், நோக்கம், கொலை நடந்த நேரத்தில் எங்கிருந்தார், ஆயுதம் கிட்டியதா. புதிய தகவல் வரும்போதெல்லாம் ஒருவர் அதை நிரப்பினால் போதும். நீளமான ஆவணத்தை எல்லோரும் சுற்றி நின்று படிக்கத் தேவையில்லை. ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கையால் தேடிக்கொண்டே கேட்கட்டும்.

தேடலிலும் ஒரு பழக்கம் வேண்டும். ஒருவர் பார்த்த இடத்தை இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும். கோட்டுப் பை, தொப்பியின் உட்பக்கம், இழுப்பறையின் அடிப்பாகம், புத்தகத்தின் நடுப்பக்கங்கள், படச்சட்டத்தின் பின்புறம் ஆகியவை முதல் பார்வையில் தப்பும் இடங்கள். அதே சமயம், இரண்டு விரல் பலத்துக்கு மேல் எந்தப் புதிரும் கேட்காது. திருகாணி, மின்சாரப் பெட்டி, மேற்கூரை ஆகியவற்றில் புதிர் இருக்காது.

பூட்டுகளில் வீணாகும் நேரம் மலைக்க வைக்கும். எண் பூட்டில் எண்களை எந்தக் கோட்டுக்கு நேரே நிறுத்த வேண்டும் என்று முதலில் பாருங்கள். சில பூட்டுகளில் அந்தக் குறி பக்கவாட்டில் இருக்கும். சரியான எண்ணே தவறுபோலத் தெரியும். மேல், கீழ், இடம், வலம் என்று நகர்த்தும் திசைப் பூட்டில், புதிதாக முயல்வதற்கு முன் வளைந்த கம்பியை இரண்டுமுறை உள்ளே அழுத்தி, பழைய பதிவை அழிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் சரியான விடையும் திறக்காது. இரவு 9.40 என்பது 0940 ஆகவும் இருக்கலாம், 2140 ஆகவும் இருக்கலாம். ஜூலை 4 என்பது 0407 அல்லது 0704. இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

ஊகித்துத் திறப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நான்கு இலக்கத்தில் ஒன்று மட்டும் தெரியவில்லை என்றால் 10 முயற்சி போதும். வெவ்வேறான நான்கு எண்களும் தெரிந்து வரிசை தெரியாவிட்டால் 24. இரண்டு இலக்கம் தெரியாவிட்டால் 100. அப்போது பூட்டை விட்டுவிட்டுத் துப்பைத் தேடுவதே மேல்.

ஒரே புதிரில் ஐந்து நிமிடம் எதுவும் நகரவில்லை என்றால் கேம் மாஸ்டரிடம் (விளையாட்டைக் கவனித்து நடத்துபவரிடம்) குறிப்பு கேளுங்கள். கௌரவம் பார்த்துத் தாமதிப்பவர்கள் கடைசிப் பகுதியைப் பார்க்காமலேயே வெளியே வருகிறார்கள். குறிப்புகளுக்கு வரம்பு உண்டா என்பதை உள்ளே போகும்முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்போதே கேட்க வேண்டிய இன்னொன்று, அவசரத்தில் கதவு எப்படித் திறக்கும் என்பது. 2019 ஜனவரியில் போலந்தின் கொஷாலின் நகரில் எஸ்கேப் ரூம் ஒன்றில் நேர்ந்த தீ விபத்தில் 5 சிறுமிகள் உயிரிழந்தனர். வெளியேறும் வழியைத் தெளிவாகக் காட்டாத இடத்தில் விளையாட வேண்டாம்.

ஆள் எண்ணிக்கையில், முதல்முறைக்கு மூன்று அல்லது நான்கு பேர் சரி. ஆறேழு பேர் போனால் ஒரு பூட்டைச் சுற்றி ஐந்து தலைகள் நிற்கும்.

கடைசிப் பத்து நிமிடத்தைக் குற்றவாளிக்கு ஒதுக்குங்கள். பல அறைகளில் பெயர் சொல்ல ஒரே வாய்ப்புத்தான். பார்த்ததும் சந்தேகம் வரும் முகத்தைச் சொல்லாமல், கட்டத்தில் ஒவ்வொருவரையும் ஆதாரத்தோடு நீக்கி, மிஞ்சுபவரைச் சொல்லுங்கள். இருவர் மிஞ்சினால் இன்னும் படிக்காத காகிதம் ஒன்று மேசையில் இருக்கலாம்; அல்லது திறக்காத பெட்டி ஒன்று பாக்கி இருக்கலாம்.