பணிச்சான்று மறுக்கப்பட்டபோது நான் கண்ட வழி

ஆஸ்திரேலியாவின் திறன்சார் குடியேற்ற விசாவை நாடும் தரவுத்தள நிர்வாகி, 262111 என்ற தொழிற்குறியீட்டின் கீழ் ஆஸ்திரேலியக் கணினிச் சங்கமான ஏசிஎஸ்ஸின் திறன் மதிப்பீட்டைப் பெற வேண்டும். என் விண்ணப்பம் அங்கேதான் தடைபட்டது. நான் முன்பு பணியாற்றிய நிறுவனம், சேர்ந்த தேதி, விலகிய தேதி, 'மென்பொருள் பொறியாளர்' என்ற பதவிப்பெயர் ஆகியவற்றுக்கு மேல் ஒரு வரியும் எழுதித் தர மறுத்துவிட்டது. மதிப்பீட்டாளருக்கோ, அன்றாடம் செய்த பணிகளின் விவரமே முக்கியம்.

நிறுவனம் கைவிரித்தால், உடன் பணியாற்றியவர் நோட்டரி முன்னிலையில் கையொப்பமிட்டுத் தரும் பிரமாணப் பத்திரத்தை ஏசிஎஸ் ஏற்கிறது. என் முன்னாள் குழுத்தலைவர் மனமுவந்து முன்வந்தார். அந்த நன்றியை நான் மறக்கவே மாட்டேன். 'ஆரக்கிள் (தரவுத்தள மென்பொருள்) நிர்வாகம்' என்று பொதுப்படையாக எழுதாமல், அதன் பேக்கப் கருவியான ஆர்மேன் (RMAN) மூலம் எடுத்த பேக்கப்பை வேறொரு சர்வரில் மீட்டுச் சோதித்ததையும், தரவுத்தளத்தின் மாற்றுப்படியைத் தயாராக வைத்திருக்கும் டேட்டா கார்டு (Data Guard) வழியே, இயக்கத்தை மாற்றுத் தளத்துக்கு ஸ்விட்ச்ஓவர் செய்ததையும், மெதுவாக ஓடிய குவெரிகளின் (தரவு கேட்கும் கட்டளைகளின்) எக்ஸிகியூஷன் பிளானை, அதாவது அவை இயங்கும் படிமுறையை, ஆராய்ந்து, தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ் அமைத்ததையும், காலவரையறையோடு முத்திரைத்தாளில் பதிவு செய்தோம். தொழிற்குறியீட்டு விளக்கத்தை அப்படியே நகலெடுத்துத் தருவது நம்பகத்தன்மையைக் கெடுக்கும் என்பது என் உறுதியான கருத்து. சம்பளச் சீட்டுகளையும் சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றான படிவம் 16-ஐயும் உடன் இணைத்தேன்.

மதிப்பீடு சாதகமாக வந்தது. ஆனால் அனுபவத்தில் முதல் 2 ஆண்டுகளைக் கழித்தே கணக்கிட்டிருந்தார்கள்; ஆகவே விசாவுக்குக் குறைந்தபட்சத் தேவையான 65 புள்ளிகளில் அனுபவத்துக்கானதைக் கணக்கிடுவோர், அந்தக் கழிவையும் மனத்தில் கொள்ள வேண்டும்.