நாள்பட்ட நோயோட வளர்ற பிள்ளைங்கள பத்தி ஆய்வு பண்றீங்களா, இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

டைப் 1 சுகர், தலசீமியாங்கற ரத்த நோய், ஆஸ்துமா, வலிப்புன்னு வருஷக்கணக்கா கூடவே வர்ற நோயோட இருக்க பிள்ளைங்க வாழ்க்கைத்தரம் எப்படி இருக்குன்னு ப்ராஜெக்ட் எடுக்குறவங்க இப்ப தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் நிறைய பேரு. ரொம்ப தேவையான வேலை. ஆனா ஃபார்ம தூக்கிட்டு ஊருக்குள்ள போறப்ப நடக்குற தப்புங்க அந்தப் பிள்ளைய நேரடியா பாதிக்கும், அதனாலதான் எழுதுறேன்.

முதல் தப்பு நான் பண்ணினது. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம், கழுத்துல ஐடி கார்டு தொங்க டீக்கடைல வண்டிய நிறுத்தி "சுகர் இருக்க பொண்ணு வீடு எதுங்க"ன்னு கேட்டேன். வழி சொன்னாங்க. வீட்டுல அம்மா நல்லாதான் பேசினாங்க, கரண்ட் போயிட்டா ஃப்ரிட்ஜ நம்ப முடியாதுன்னு இன்சுலின டப்பால போட்டு மண்பானைக்குள்ள வச்சிருந்தத காட்டினாங்க, "அவளுக்கு ஒரு கொறையும் இல்ல மேடம், வேளா வேளைக்கு ஊசி போட்டுடுறோம்"னு சொல்லி எல்லா கேள்விக்கும் அவங்களே பதில் சொன்னாங்க, நானும் டிக் பண்ணிட்டே வந்தேன். அவங்க காப்பி போட உள்ள போனதும் அந்தப் பொண்ணு, பதினஞ்சு வயசு, மெதுவா சொன்னா: "ஊசி பழகிடுச்சுக்கா. கிளாஸ்ல சுகர் லோ ஆனா டெஸ்க்குக்கு அடியில குனிஞ்சுதான் சர்க்கரை போட்டுப்பேன், ஃப்ரெண்டுக்குகூட தெரியாது, வெளிய தெரிஞ்சா பின்னாடி கல்யாணத்துக்கு பிரச்சனைன்னு அம்மா சொல்லிருக்காங்க."

அவ தோழிக்கே சொல்லாத விஷயத்தத்தான் நான் டீக்கடைல கேட்டுட்டு வந்திருக்கேன். இன்னைக்கும் உறுத்துது.

அதனால பிள்ளை பதில வேற, பெத்தவங்க பதில வேறயா வாங்குங்க. பெட்ஸ்க்யூஎல்னு பிள்ளைங்க வாழ்க்கைத்தரத்த அளக்குற கேள்வி ஃபார்ம் ஒன்னு இருக்கு, அந்த மாதிரி ஃபார்ம்ல 5 வயசுலேருந்தே பிள்ளைங்க தானா பதில் சொல்றதுக்கு தனி வடிவம் இருக்கு. நடக்குறது, ஓடுறது மாதிரி கண்ணுக்கு தெரியுற விஷயத்துல ரெண்டு பதிலும் ஓரளவு ஒத்துப்போகும், மனசு விஷயத்துலதான் விலகும், அந்த விலகல சராசரி போட்டு மறைச்சிடாதீங்க, அங்கதான் நமக்கு தெரிய வேண்டியதே இருக்கு.

இன்னொன்னு, லேப் ரிப்போர்ட்ட வச்சு வாழ்க்கைய முடிவு பண்றது. எச்பிஏ1சிங்கற ரத்த டெஸ்ட் கடந்த 2, 3 மாச சர்க்கரை சராசரிய சொல்லும், அவ்வளவுதான். நம்பர் அருமையா இருக்க பிள்ளை எந்த விசேஷத்துக்கும் போகாம வீட்டுக்குள்ளயே இருக்கலாம், நம்பர் சுமாரா இருக்க பிள்ளை கபடி ஆடிட்டு சந்தோஷமா இருக்கலாம்.

அந்த இங்கிலீஷ் ஃபார்ம தமிழ்ல மொழிபெயர்க்குறதுலயும் நிறைய சறுக்கும். ஒரு பிளாக் தூரத்துக்கு மேல நடக்க கஷ்டமா இருக்கான்னு ஒரு கேள்வி வரும், நம்ம ஊர்ல பிளாக்குன்னா ஒன்றியமோன்னு நினைப்பாங்க. தெருக்கோடி வரைக்கும்னா உடனே புரியும், ஆனா அத நம்ம இஷ்டத்துக்கு மாத்தக்கூடாது, உரிமை வச்சிருக்கவங்ககிட்ட அனுமதி வாங்கி, மாத்தினத திரும்ப இங்கிலீஷுக்கு கொண்டுபோய் பாத்து, நாலஞ்சு பிள்ளைங்ககிட்ட "இந்தக் கேள்வி உனக்கு என்னன்னு புரிஞ்சுது"ன்னு கேட்டுட்டுதான் இறங்கணும்.

நேரமும் பாக்கணும். ஃபார்ம் கேக்குறது போன ஒரு மாசத்த பத்தி. மே மாச லீவுல போய் ஸ்கூல் கேள்வி கேட்டா அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம்? ஆஸ்துமா பிள்ளைங்கள பாதி பேர ஐப்பசி மழையிலயும் மீதிய மாசியிலயும் கேட்டு ஒரே டேபிள்ல போட்டா வித்தியாசம் நோயாலயா சீசனாலயான்னு பிரிக்கவே முடியாது.

ஸ்கோர் போடுறப்ப, 0 (கஷ்டமே இல்ல) முதல் 4 (கிட்டத்தட்ட எப்பவும் கஷ்டம்) வரை வர்ற பதில தலைகீழா திருப்பணும், 0ன்னா 100, 4ன்னா 0. இத மறந்தா ரொம்ப கஷ்டப்படுற பிள்ளை நல்லா இருக்கதா வந்து நிக்கும். ஒரு பகுதியில பாதிக்கு மேல பதில் இல்லன்னா அந்தப் பகுதிக்கு ஸ்கோரே போடாதீங்க.

ஓபி வரிசைல உக்காந்து மட்டும் ஆள் எடுக்குறதும் தப்புதான், பஸ் காசு இல்லாம, நடவு நேரத்துல கூட்டிட்டு வர ஆள் இல்லாம வராத பிள்ளைங்க உங்க கணக்குலயே வரமாட்டாங்க. ஆனா வீடு தேடி போறதுன்னா நான் போன மாதிரி போகாதீங்க. பெத்தவங்க கையெழுத்து போட்டாச்சு, போதும்னும் இருக்காதீங்க, ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் விதிப்படி 7 வயசுலேருந்து பிள்ளையோட சம்மதமும் வேணும்.

இப்ப நான் முதல்ல வீட்டுக்கு போன் பண்ணி அம்மா அப்பாகிட்ட பேசிடுறேன், அப்புறம் பிள்ளைகிட்ட போன் குடுக்க சொல்லி "எங்க உக்காந்து பேசலாம்"னு கேக்குறேன். போன தடவ ஒரு பையன் வாய்க்கா மதகுகிட்ட வர சொன்னான், வீட்டுலயும் சரின்னாங்க. ஐடி கார்ட பைக்குள்ள போட்டுட்டு போனேன். மதகு கட்டைல உக்காந்து, யாராவது சைக்கிள்ல வந்தா அவன் பேச்ச நிறுத்துவான், போனதும் விட்ட இடத்துலேருந்து ஆரம்பிப்பான், முழுசா முடிக்க ஒன்ற மணி நேரம் ஆச்சு.