இங்கிலாந்து கோச் டூர்: இருவராகப் போகிறவர்களுக்கு ஒரு செய்முறை

லண்டனைப் பார்த்து முடித்த பிறகு பாத், ஆக்ஸ்ஃபோர்டு, காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்கள் என்று வெளியே போக நினைக்கும் தம்பதிகளுக்காக எழுதுகிறேன். வழிகாட்டியோடு சொகுசுப் பஸ்ஸில் (அங்கே அதற்குப் பெயர் கோச்) போகும் டூர் பற்றித்தான் பேச்சு. கார் எடுத்துச் சுற்றலாமே என்பவர்களுக்கு ஒரே பதில்: அந்தக் கிராமச் சாலைகளில் இருபுறமும் ஆள் உயரப் புதர்வேலி. காரில் உட்கார்ந்தால் வேலிதான் தெரியும். கோச் இருக்கை உயரம் என்பதால் வேலிக்கு மேலே வயலும் ஆடுகளும் தெரியும். எனக்கு அது ஒன்றே போதும்.

பாஸ்போர்ட், விமான டிக்கெட், பவுண்டு மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். விசா பற்றி மட்டும் இரண்டு வரி. இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசிட்டர் விசா வேண்டும். பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும், முடிவு வர வழக்கமாக 3 வாரம் ஆகும். மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம், ஈடிஏ என்ற மின்னணு அனுமதி போதும். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கிறது, பிரிட்டிஷ் அரசின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 1: எந்த வகை டூர்?

மூன்று வகை உண்டு. லண்டனில் தங்கிக்கொண்டு காலையில் கிளம்பி இரவு திரும்பும் ஒருநாள் டூர். தினமும் ஹோட்டல் மாறிக்கொண்டே போகும் டூர். ஒரே ஊரில் தங்கி, அங்கிருந்து தினமும் ஒரு பக்கமாகப் போய்வரும் டூர்.

இருவராகப் போகிறவர்கள் மூன்றாவதைத்தான் தேட வேண்டும் என்பது என் கட்சி. தினமும் ஹோட்டல் மாறினால் காலை 7 மணிக்கே பெட்டியை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அப்படியென்றால் 6 மணிக்குப் பெட்டி கட்ட வேண்டும். யார் கட்டுவது என்பதில் தொடங்கும் சண்டை ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டம் வரை நீளும். ஒரே ஊரில் தங்கினால் அந்தத் தொல்லை இல்லை. மாலையில் அந்த ஊர்த் தெருக்களில் சும்மா நடக்கவும் நேரம் கிடைக்கும். ஜூன் மாதத்தில் அங்கே இரவு 9 மணிக்கு மேல்தான் பொழுது சாயும். டிசம்பரில் போனால் 4 மணிக்கே இருட்டு. ஆகவே குளிர்கால டூரின் விலை குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

யார்க் நகரம் பட்டியலில் இருந்தால் ஒரு யோசனை: அதை மட்டும் தனியாக ரயிலில் போய்ப் பாருங்கள். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் சுமார் 2 மணி நேரம்; கோச்சில் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். பேராலயத்தில் 1408-இல் முடிந்த கிழக்குப் பெருஞ்சாளரமும் சுமார் 3.4 கி.மீ. நீளும் மதில் நடையும் அவசரமில்லாமல் பார்க்க வேண்டியவை.

படி 2: பயணத் திட்டத்தை மணிக்கணக்காக மாற்றுங்கள்

எங்களை அதிகம் திணறடித்த படி இதுதான். விளம்பரத்தில் ஊர்ப் பெயர்கள்தான் இருக்கும், நேரம் இருக்காது. ஆறு ஊர் போட்டிருப்பது நாலு ஊர் போட்டிருப்பதைவிட நல்ல பேரம் என்று தோன்றும். பெரும்பாலும் அது தலைகீழ்.

ஒரு தாளை எடுங்கள். எக்செல்லும் ஆகும், ஆனால் இதற்குத் தாளும் பென்சிலும்தான் எனக்குப் பிடிக்கும். இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்க்கலாம். ஒவ்வொரு ஊருக்கும் இடையே கூகுள் மேப்ஸ் காட்டும் கார் நேரத்தை எழுதி, அதோடு கால் பங்கு கூட்டுங்கள். ஏன் கூட்ட வேண்டும்? இரு திசை வண்டிகளுக்கும் நடுவே தடுப்பு இல்லாத சாலையில் காருக்கு மணிக்கு 60 மைல் அனுமதி என்றால் கோச்சுக்கு 50 மைல்தான். மோட்டார்வே என்ற விரைவுச்சாலையிலும் காருக்கு 70 மைல். கோச்சில் உள்ள வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 62 மைலுக்கு மேல் விடாது.

உதாரணத்துக்கு, எல்லோரும் வாங்கும் ஒருநாள் டூரையே எடுத்துக்கொள்வோம்: லண்டனிலிருந்து வின்ட்சர், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், மறுபடி லண்டன். காலை 8 முதல் இரவு 8 வரை 12 மணி நேரம். நான்கு கட்டப் பயணத்தையும் கூட்டினால் ஏழு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். மிச்சம் ஐந்து மணி நேரம், மூன்று இடங்கள்.

அந்த ஐந்து மணி நேரம் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். ஸ்டோன்ஹெஞ்சில் கோச் நிற்கும் இடத்துக்கும் கற்களுக்கும் இடையே சுமார் 2 கி.மீ. தூரம். அங்கிருந்து ஷட்டில் பஸ்ஸில் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். வரிசை, போக்குவரத்து, கல்வட்டத்தை ஒரு சுற்று, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். வின்ட்சர் கோட்டையில் விமான நிலையம் மாதிரி பாதுகாப்புச் சோதனை. அதுவும் செவ்வாய், புதன் கிழமைகளில் கோட்டை பொதுவாகத் திறப்பதில்லை. அந்த நாட்களில் டூர் போனால் வெளிச்சுவரைத்தான் பார்க்க முடியும். கடைசியில் பாத் நகரத்துக்கு ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். ரோமானியக் குளியலகத்தை ஒலிவழிகாட்டியோடு பார்க்க அதுவே போதாது. ராயல் கிரெசென்ட் என்ற அந்த 30 வீடுகளின் பிறைவரிசைக்கு மேட்டில் ஏறிப் போகவும் நேரம் இருக்காது.

ஆக, ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று கேள்விகளைக் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பஸ்ஸைவிட்டு இறங்குவோமா? நுழைவுக் கட்டணம் சேர்த்தியா? காலைத் தரையில் வைத்தபின் எத்தனை நிமிடம்? போனில் கேட்காதீர்கள், எழுத்தில் பதில் வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அந்த டூரை விட்டுவிடுங்கள்.

அப்புறம், ஓட்டுநரின் மணிக்கணக்கு. இதைத் தெரிந்துகொண்டால் டூரில் நடக்கும் பாதி விஷயம் புரிந்துவிடும். அங்கே கோச் ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். அதை முதலில் 15, பிறகு 30 என்று பிரித்தும் எடுக்கலாம். நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. இரவு ஓய்வு வழக்கமாக 11 மணி நேரம். வண்டியில் உள்ள டாக்கோகிராஃப் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும். மோட்டார்வே ஓரத்தில், பார்க்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏன் அவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள், அது அந்த ஓய்வு. மாலையில் ஒரு ஜோடி கடையிலிருந்து அரை மணி தாமதமாக வந்தால், மறுநாள் காலை மொத்தக் கூட்டமும் அரை மணி தாமதமாகக் கிளம்ப நேரலாம். வழிகாட்டிகள் நேரத்தில் அவ்வளவு கறாராக இருப்பது இதனால்தான்.

படி 3: பணத்துக்குப் பாதுகாப்பு

சுருக்கமாகச் சொல்கிறேன். விமானம் சேர்ந்த பேக்கேஜை பிரிட்டிஷ் கம்பெனியிடம் வாங்கினால் அட்டோல் என்ற பணப் பாதுகாப்புத் திட்டத்தின் சான்றிதழ் கேளுங்கள். விமானம் இல்லாமல் கோச்சும் ஹோட்டலும் மட்டும் என்றால் அட்டோல் பொருந்தாது. ஆனால் 2018-இன் பேக்கேஜ் பயண விதிகளின்படி, கம்பெனி திவாலானால் பணம் திரும்பக் கிடைக்க அவர்கள் ஏற்பாடு வைத்திருக்க வேண்டும். என்ன ஏற்பாடு என்று முன்பணம் கட்டும் முன் கேளுங்கள்.

படி 4: அறையும் பெட்டியும்

பழைய ஊர்களில் ஹோட்டலும் பழசு. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்றால் நினைத்தபடி லிஃப்ட் வைக்க முடியாது. முழங்கால் வலி இருந்தால் தரைத்தள அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதுங்கள். டபுள் அறை என்றால் ஒரே கட்டில், அதுவும் 135 செ.மீ. அகலம்தான் இருக்கும். இரண்டு கட்டில் வேண்டும் என்றால் ட்வின் என்று கேட்க வேண்டும். ஒருவர் குறட்டைவிட்டால் ட்வின்தான் குடும்பத்துக்கு நல்லது.

தலைக்கு ஒரு பெட்டி என்பதுதான் பெரும்பாலான டூர்களின் கணக்கு. இருவர் உடையையும் இரண்டு பெட்டியிலும் கலந்து வையுங்கள், ஒன்று தொலைந்தாலும் சமாளிக்கலாம்.

படி 5: இருக்கை

அங்கே ஏறும் கதவு இடப்பக்கம், ஓட்டுநர் வலப்பக்கம். கண்ணாடி வழியே சாலை முழுவதும் தெரிவது இடப்பக்க முன்வரிசையில்தான். ஆனால் அதற்காக முந்தியடிக்க வேண்டாம், பல டூர்களில் தினமும் இருக்கையைச் சுழற்றுவார்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் பின்சக்கரத்துக்கு மேல் உட்காராமல் நடுவில் உட்காருங்கள். சீட் பெல்ட் இருந்தால் போட்டே ஆக வேண்டும், அது சட்டம்.

கோச்சுக்குள் கழிப்பறை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தாலும் அவசரத்துக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்கும் இடத்தில் எல்லாம் போய்விட்டு வருவதே நல்லது. சில ஊர்ப் பொதுக் கழிப்பறைகளில் காசு கேட்பார்கள், தொட்டுச் செலுத்தும் கார்டும் கொஞ்சம் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

படி 6: இறங்கிய பிறகு

பழைய ஊர்களின் நடுத்தெருவில் கோச் நிற்க முடியாது. உங்களை ஓரிடத்தில் இறக்கிவிட்டு, வேறெங்கோ போய் நிறுத்துவார்கள். திரும்ப ஏறும் இடம் இறங்கிய இடமாக இல்லாமலும் இருக்கலாம். இறங்கும்போதே மூன்று காரியம் செய்யுங்கள்: ஏறும் இடத்தை வழிகாட்டியிடம் கேட்டு மேப்பில் குறியுங்கள், கோச்சின் எண் பலகையைப் படம் எடுங்கள் (ஒரே நிறத்தில் நாலு கோச் வரிசையாக நிற்கும்), வழிகாட்டியின் கைபேசி எண் உங்கள் இருவர் போனிலும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மேப்புக்கு ஆர்கானிக் மேப்ஸ் செயலியைத்தான் சிபாரிசு செய்வேன். முன்கூட்டியே இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமல் ஓடும், ஒற்றையடிப் பாதைகளையும் காட்டும். காட்ஸ்வோல்ட்ஸ் பள்ளத்தாக்குகளில் சிக்னலை நம்ப முடியாது.

நேரம் குறைவாக இருக்கும் இடத்தில் இருவரும் ஒன்றாகத்தான் சுற்ற வேண்டும் என்று இல்லை. பாத்தில் கணவர் ரோமானியக் கற்களோடு இருக்கட்டும், நீங்கள் ஆற்றுப் பக்கம் போய்க் கடைகளைத் தாங்கி நிற்கும் பல்ட்னி பாலத்தைப் பாருங்கள். ஏறும் நேரத்துக்குக் கால்மணி முன்னால் தேவாலய வாசலில் சந்திப்பது என்று பேசிவைத்தால் போதும். அந்தக் குளியலகத்தில் ஊறிவரும் தண்ணீர் சுமார் 46 டிகிரி, நாளுக்குப் பதினொரு லட்சம் லிட்டருக்கு மேல். ஆனால் அதில் கைவைக்கக்கூட விட மாட்டார்கள். அதே ஊற்றுநீரில் குளிக்க ஆசை என்றால் பக்கத்தில் தெர்மே பாத் ஸ்பா இருக்கிறது, அதற்குக் கோச் டூரின் நேரம் பற்றாது.

காட்ஸ்வோல்ட்ஸில் உள்ள பைபரி கிராமத்துக்கு அரை மணி போதும். ஆர்லிங்டன் ரோ என்ற அந்த வீட்டு வரிசை 1380 வாக்கில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் குடியிருப்பாக மாறியது. இப்போதும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலில் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். கிராமக் கடைகள் மாலை 5 மணியோடு மூடிவிடும், வாங்குவதை மதியத்திலேயே வாங்கிவிடுங்கள்.

பிற்சேர்க்கை

கோச்சைத் தவறவிட்டால் என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். முதலில் வழிகாட்டியைக் கூப்பிடுங்கள். பாத், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு-அபான்-ஏவன் என்றால் ரயில் நிலையம் உண்டு, பதற வேண்டாம். போர்டன்-ஆன்-த-வாட்டர், பைபரி போன்ற கிராமங்களில் ரயில் இல்லை. போர்டனிலிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்து மோர்ட்டன்-இன்-மார்ஷ் நிலையத்துக்குப் போனால் அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு வழியாக லண்டன் பேடிங்டனுக்கு ரயில் வரும். கிராமத்தில் இறங்கும்போது பெட்டியோடு பாஸ்போர்ட்டையும் கோச்சிலேயே விட்டுவிடாதீர்கள்.

சைவ உணவு பற்றிப் பலர் எழுதியிருந்தீர்கள். இரவுச் சாப்பாடு சேர்ந்த டூரில் முன்பதிவின்போதே சொல்லுங்கள், முதல் நாள் வழிகாட்டியிடம் மறுபடி நினைவூட்டுங்கள். அங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேர்த்தி. முட்டையும் ஆகாது என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். பால், தயிர் சாப்பிடுகிறவர்கள் வீகன் என்று சொல்லிவிட்டால் அதுவும் வராது.

டிப்ஸ் கட்டாயமா என்றால் இல்லை. கொடுப்பதாக இருந்தால் கடைசி நாள் இறங்கும்போது ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் தனித்தனியாக, ரொக்கமாகக் கொடுங்கள்.