கொலாஜ் செய்யுமுன் மூலப்படத்தைத் தேடுங்கள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் எடுத்த குடும்பப் படங்களைக் கொண்டு கணினியில் கொலாஜ் (பல படங்களை வெட்டி ஒரே படமாக ஒட்டுவது) செய்யப் பழகுபவர்கள் காட்டும் படைப்புகளில், தொடக்கக் காலத்தில் நானும் செய்த பிழைகளே திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. விளிம்பு கோணலாவதும் நிறம் தூக்கலாவதும் பழகப் பழகத் தாமே சரியாகிவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சுக்கு வைப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். வழக்கமான தரத்தில் அனுப்பப்படும் படத்தின் நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலாகச் (படத்தை ஆக்கும் சிறு புள்ளிகள்) சுருங்கிவிடும். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அச்சுக் கணக்கில் அது ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் வரும். கைப்பேசியின் சிறு திரையில் இந்தக் குறை தெரிவதில்லை.

அண்மையில் ஒரு தம்பி, தாத்தாவின் எண்பதாம் கல்யாணத்துக்காக 24-க்கு 36 அங்குலத்தில் கொலாஜ் செய்திருந்தார். ஏற்காடு ஏரிக்கரையில் குடும்பமே நின்றெடுத்த குழுப்படத்திலிருந்து தாத்தாவின் முகத்தை மட்டும் வெட்டி, எட்டு அங்குல அகலத்தில் நடுவில் வைத்திருந்தார். வெட்டிய முகத்தின் அகலமே 100 பிக்சல்தான்; ஆக, அங்குலத்துக்குப் பன்னிரண்டு பிக்சல். அச்சாகி வந்தபோது மீசை எது, நிழல் எது என்று பிரித்தறிய முடியவில்லை. படத்தைக் கூர்மையாக்கும் செயலி இல்லாத விவரங்களை ஊகித்து வரைந்ததால், கிடைத்தது வேறு யாரோ ஒரு பெரியவரின் முகம். படமெடுத்த சித்தப்பாவோ அதற்குள் மூலப்படம் இருந்த பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கிவிட்டிருந்தார்.

ஆகவே, வடிவமைப்பில் கைவைக்கும் முன்பே படமெடுத்தவரைத் தேடிப் பிடித்து, மூலப்படத்தை 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு சுருங்காது. ஆல்பத்தில் இருக்கும் பழைய படமாயின், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் இரு மடங்கு பெரிதாக அச்சிடலாம்.

அழிப்பானால் வெட்டுவது

படத்தின் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைத்துவைக்கும் மாஸ்க் வசதியைப் பயன்படுத்துங்கள். மறைத்ததை மீட்கலாம், அழித்துச் சேமித்ததை மீட்க முடியாது.

ஒளியைப் பாராமல் ஒட்டுவது

ஏற்காட்டின் பகோடா பாயிண்டில் மூடுபனிக்கிடையே எடுத்த படத்தில் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் நிழல் அழுத்தமாக விழாது. சேலத்துக் கடைவீதியின் உச்சிவெயிலில் நின்றவருக்கோ மூக்கின் கீழே கறுத்த நிழல் இருக்கும். இவரை அந்த மூடுபனிப் படத்தில் நிறுத்தினால், வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் குறைத்தாலும் அந்த நிழல் காட்டிக்கொடுத்துவிடும். 1920 வாக்கில் பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற கலைஞர் செய்ததுபோல வெட்டியதை வெட்டியதாகவே காட்டும் கொலாஜுக்கு இது குறையன்று. இயல்பான காட்சியாகத் தோன்றவேண்டும் என்பவர்களுக்கே இந்த எச்சரிக்கை.

எழுத்துகள்

கொலாஜில் எழுதப் பெயரும் ஆண்டும் போதும்.

லேயர்களை ஒன்றாக்கிச் சேமிப்பது

லேயர்களை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பட அடுக்குகளை, ஒன்றாக்கிய கோப்பு அச்சகத்துக்கு மட்டும். லேயர்கள் கலையாத கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.