மக்னோலியா இலைக்குள் வாழும் சிறு அந்துப்பூச்சியை இனங்காணும் முறை

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் மக்னோலியா மர இலைகளுக்குள் வளரும் ஃபைலோக்னிஸ்டிஸ் மக்னோலியெல்லா, 1878ஆம் ஆண்டு அமெரிக்கப் பூச்சியியலாளர் சேம்பர்ஸ் விவரித்த அந்துப்பூச்சி இனம். எலுமிச்சை இலைகளைத் தாக்கும் இலைத்துளைப்பானும் இதே பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்ந்ததுதான். இறக்கைகளை மடக்கி அமர்ந்தால் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும் மக்னோலியெல்லாவைத் தேடுவதற்கு, இரவில் விளக்கொளியால் ஈர்ப்பதைவிட இலையே நல்ல தொடக்கம்.

முதலில் மரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். மக்னோலியா குடும்பத்தையே சேர்ந்த துலிப் மரத்தில் வளரும் ஃபைலோக்னிஸ்டிஸ் லிரியோடென்ட்ரோனெல்லாவின் இறக்கைக் கோலம் இதனுடையதை மிகவும் ஒத்திருப்பதால், எந்த மரத்து இலை என்பது தெரியாவிட்டால் இனத்தைப் பிரித்தறிவது கடினம்.

அடுத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸால் இலையின் இருபுறத்தையும் பாருங்கள். நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிநிறத்தில் வளைந்து நெளிந்து செல்லும் மெல்லிய பாதையே நீங்கள் தேடுவது. கால்களற்ற தட்டையான புழு, மேல்தோலுக்குச் சற்றுக் கீழே இருந்துகொண்டு உயிரணுக்களைக் கீறிச் சாற்றை மட்டும் குடிப்பதால், உள்ளே உள்ள பச்சைத் திசு பெரும்பாலும் அப்படியே எஞ்சியிருக்கும். மாறாக, பழுப்பேறி உப்பிய அகன்ற திட்டு தென்பட்டால், அது பெரும்பாலும் ஓடோன்டோபஸ் கால்சியேட்டஸ் என்னும் கூன்வண்டின் புழு செய்த வேலை. தொடக்கநிலையினர் இங்குதான் அதிகம் தடுமாறுகிறார்கள். இந்த வேறுபாடு கண்ணுக்குப் பழகும் வரை பல இலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

மூன்றாவதாக, பாதையின் முடிவில் இலை சற்றே மடிந்து கூட்டுப்புழு உள்ளே இருக்கும் இலையைப் பறித்து, லேசாக ஈரமாக்கிய மெல்லிய காகிதத்துடன், மூடி உள்ள ஒரு பெட்டிக்குள் வைத்துத் தினமும் பாருங்கள். ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடித்துவிடும். சில வேளைகளில் அந்துப்பூச்சிக்குப் பதிலாக ஒட்டுண்ணிக் குளவி வெளிவரும். அதையும் பாதுகாத்து வையுங்கள், அதுவும் மதிப்புள்ள பதிவே.

வெளிவந்த பூச்சியின் வெள்ளிவெண்மையான முன்னிறக்கையில், கரும்விளிம்புடைய மஞ்சள் பட்டைகளையும் நுனியருகே கரும்புள்ளியையும் தேடுங்கள். இவை பேரினத்தைக் காட்டுமே தவிர, இவற்றை மட்டும் கொண்டு இனத்தை முடிவுசெய்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. இனத்தை உறுதிப்படுத்த இனப்பெருக்க உறுப்பு ஆய்வோ டிஎன்ஏ ஆய்வோ தேவைப்படும். கூட்டைக் கிழிக்க உதவும் கூட்டுப்புழுவின் தலைமுள் இனத்துக்கு இனம் வேறுபடுவதால், அது உரித்த தோலை எறிந்துவிடாமல், அழுத்தி உலர்த்திய இலையோடும் பூச்சியோடும் ஒரே எண்ணிட்டு, பறித்த நாள், இடம், மரத்தின் இனம், இலையின் எந்தப் பக்கத்தில் பாதை இருந்தது ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வையுங்கள்.